ஓக்லஹோமா: யாரும் எழுதாமல் விட்ட ஒரு வரி

போன மாதம் ஆபீசில் ஒரு பக். சின்ன பக்தான். ஆனால் அது என்னை மூன்று வாரம் தூங்கவிடாமல் அமெரிக்காவின் ஒரு மாநில வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

விஷயம் இதுதான். எங்கள் மென்பொருளில் பெயர் தேடும் பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலம் மாதிரி மொழிகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு வகை இருப்பதால், தேடும் முன் எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றிக்கொண்டு ஒப்பிடுவோம். தமிழுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நிரலில் ஒரு பக்கம் "சிறிய எழுத்தாக்கு" என்று எழுதியிருந்தது. இன்னொரு பக்கம், ஒப்பிடுவதற்கென்றே யூனிகோட் தரும் அட்டவணையைப் பயன்படுத்தியிருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று யாரோ நம்பி எழுதிவிட்டார்கள். அந்த யாரோ நான்தான், பல வருஷத்துக்கு முன்னால்.

உலகத்தில் உள்ள எல்லா எழுத்துகளையும் போட்டு ஓட்டிப் பார்த்ததில் ஜெர்மனில் ஒன்று, கிரேக்கத்தில் சில என்று அங்கங்கே தோற்றன. அவை தெரிந்த கதைதான். ஆனால் ஒரே எழுத்துமுறையில் மொத்தமாக 172 தோல்வி. செரோக்கி. பெரியது 86, சிறியது 86, ஒன்றுகூட பாஸ் ஆகவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் பையன் கேட்டான். "அண்ணா, இந்த பாஷையில நமக்கு ஒரு கஸ்டமர்கூட இல்லையே, டெஸ்ட்லேர்ந்து தூக்கிடலாமா?"

நியாயமான கேள்வி. ஆனால் ஏன் தோற்கிறது என்று தெரியாமல் தூக்க மனசு வரவில்லை. தேடினேன். செரோக்கி எழுத்துகள் யூனிகோடில் 1999இல் சேர்க்கப்பட்டன, ஒரே வகையாக. அப்புறம்தான் பழைய அச்சுகளிலும் கையெழுத்துகளிலும் பெரிது, சிறிது என்ற பழக்கம் இருந்தது கவனத்துக்கு வந்து, 2015இல் சிறிய எழுத்துகளையும் சேர்த்தார்கள். சிக்கல் அங்கேதான். ஒருமுறை வெளியிட்ட எழுத்தின் ஒப்பீட்டு விதியை எந்தக் காலத்திலும் மாற்றமாட்டோம் என்று யூனிகோட் வாக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் பழைய எழுத்துகளைத் தொட முடியாது. புதிதாக வந்த சிறிய எழுத்துகள்தான் பெரியதாக மாற வேண்டும். உலகமே கீழே இறங்கும்போது செரோக்கி மட்டும் மேலே ஏறுகிறது. கொடுத்த வாக்குக்காக!

செரோக்கி என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இடறியது. இந்தப் பெயரை நான் நிறைய தடவை பார்த்திருக்கிறேன். கார் நம்பர் பிளேட்டில்.

2012இல் வேலை நிமித்தமாக எட்டு மாதம் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் இருந்தேன். அமெரிக்கா போகிறேன் என்றதும் கலிபோர்னியா, நியூயார்க் என்று கேட்டவர்கள், ஓக்லஹோமா என்றதும் "அது எங்கே இருக்கு?" என்று முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியாதுதான். டெக்சாஸுக்கு மேலே, கான்சாஸுக்குக் கீழே. தமிழ்நாட்டைவிடப் பரப்பில் பெரியது, ஆனால் மக்கள் 40 லட்சம்தான். அங்கே சாலையில் பல கார்களின் நம்பர் பிளேட்டில் மாநிலத்தின் பெயருக்குப் பதிலாக "செரோக்கி நேஷன்" என்று இருக்கும். ஏதோ கிளப் போல, விசிறிகள் சங்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் "இந்தியன் டாகோ" என்று போர்டு பார்த்து, ஆகா நம்ம ஊர்ச் சாப்பாடு என்று ஆசையாக உள்ளே போனேன். பெரிய பூரி ஒன்றின்மேல் பீன்ஸும் மாட்டிறைச்சியும் சீஸும் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். எந்த இந்தியன் என்று அப்போதாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பூரி நன்றாக இருந்தது.

எட்டு மாதம் இருந்த ஊரைப் பற்றி எட்டு வரி தெரியாமல் திரும்பி வந்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அதற்கான பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்திலிருந்தே தொடங்கலாம். செரோக்கி எழுத்துகளைக் கண்டுபிடித்தவர் சீக்வோயா என்பவர். வெள்ளி வேலை செய்யும் கம்மியர், கால் ஊனமுற்றவர். எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் தாளில் ஏதோ கிறுக்கி, அதைத் தூரத்தில் இருப்பவருக்கு அனுப்பிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். அது மந்திரம் இல்லை, நாமும் செய்யலாம் என்று உட்கார்ந்தார். முதலில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு குறி போட்டுப் பார்த்தார். எண்ணிக்கை எங்கோ போனது. பைத்தியம் பிடித்துவிட்டது, சூனியம் செய்கிறான் என்று ஊர் பேசியது. அவர் எழுதிவைத்ததை எல்லாம் மனைவியே நெருப்பில் போட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கடைசியில் வார்த்தையை விட்டுவிட்டு அசையைப் பிடித்தார். செரோக்கி மொழியில் மொத்தமே 80 சொச்சம் அசைகள்தான் என்று காதால் கேட்டே பிரித்தெடுத்து, அசைக்கு ஒரு எழுத்தாக 86 எழுத்துகள் செய்தார். 1821 வாக்கில் வேலை முடிந்தது. முதல் மாணவி அவருடைய சின்ன மகள் அயோக்கா. மகளை ஓரிடத்திலும் தன்னை வேறிடத்திலும் உட்காரவைத்து, சபையில் உள்ளவர்கள் சொன்னதை எழுதிக் கொடுத்து, அவள் வாசித்துக் காட்டிய பிறகுதான் ஊர் நம்பியது.

நமக்கு உயிர்மெய் தெரியும் என்பதால் இது சாதாரணமாகப் படலாம். ஆனால் ஒரு வித்தியாசம். க, கி, கு என்று பார்த்தால் அடிப்படை உருவம் ஒன்று, கொக்கியும் சுழியும்தான் மாறும். சீக்வோயாவின் எழுத்தில் அந்த உறவே கிடையாது, ஒவ்வொன்றும் தனித்தனி உருவம். சில உருவங்களை ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறார், ஒலியை எடுக்கவில்லை. ஆங்கில 'டி' மாதிரி இருப்பது 'அ', 'டபிள்யூ' மாதிரி இருப்பது 'ல', 'எச்' மாதிரி இருப்பது 'மி'. படிக்கத் தெரியாதவர் வெறும் வடிவமாக மட்டும் பார்த்து எடுத்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 86இல் ஒன்று பின்னால் அச்சில் வழக்கொழிந்து 85 ஆனது. அந்த ஒன்றையும் தேடிப்பிடித்து 2015இல் யூனிகோடில் சேர்த்துவிட்டார்கள்.

எழுத்து காட்டுத்தீ மாதிரி பரவியது. 1825இல் செரோக்கி தேசம் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. 1828 பிப்ரவரி 21 அன்று செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் "செரோக்கி ஃபீனிக்ஸ்" என்ற செய்தித்தாள் வெளிவந்தது. அச்செழுத்துகளை பாஸ்டனில் வார்த்துக் கொண்டுவந்தார்கள்.

பத்திரிகை வெளிவந்த இடம் ஓக்லஹோமா இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜார்ஜியா. அங்கிருந்து கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே. அதுதான் செரோக்கிகளின் ஊர். அப்படியானால் ஓக்லஹோமாவுக்கு எப்படி வந்தார்கள்?

1830 மே 28 அன்று அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்ட ஒரு சட்டம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் பூர்வகுடிகளை மேற்கே அனுப்பிவிடலாம் என்றது. கீழவையில் 102க்கு 97 என்று மயிரிழையில் நிறைவேறியது. சாக்டா, க்ரீக் என்கிற மஸ்கோகி, சிக்கசா, செமினோல், செரோக்கி என்று ஐந்து தேசங்கள். கிழக்கே உள்ள நிலத்தைக் கொடுங்கள், மேற்கே வேறு நிலம் தருகிறோம், அங்கே எந்த மாநிலமும் உங்கள்மீது சட்டம் போட முடியாது, அது என்றைக்கும் உங்களுடையது என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மேற்கு நிலத்துக்குப் பெயர் இந்தியப் பிரதேசம். அதுதான் இன்றைய ஓக்லஹோமா. "ஓக்லா" என்றால் மக்கள், "ஹும்மா" என்றால் சிவப்பு. ஆலன் ரைட் என்ற சாக்டா தலைவர் 1866இல் சொன்ன பெயர்.

செரோக்கிகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு சிறு குழு மட்டும் 1835 டிசம்பரில் கையெழுத்துப் போட்டது. தலைவர் ஜான் ராஸ் ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு இது செல்லாது என்று மனுக் கொடுத்தார். செனட்டில் மயிரிழையில் ஒப்பந்தம் நிறைவேறியது. 1838இல் பட்டாளம் வந்தது. வீட்டிலிருந்து பிடித்து, முகாமில் அடைத்து, குளிர்காலத்தில் நடக்கவிட்டார்கள். சுமார் 16,000 பேரில் ஏறக்குறைய 4,000 பேர் செத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கண்ணீர்ப் பாதை என்று அதற்குப் பெயர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஃபீனிக்ஸ் பத்திரிகையின் முதல் ஆசிரியர் இலையஸ் பூடினாட். மேற்கே வந்துசேர்ந்த பிறகு 1839 ஜூனில் சொந்த மக்களே அவரைக் கொன்றார்கள்.

இதற்கு நடுவில் ஒரு சம்பவம். சாக்டா மக்கள் அவர்களுக்கு முன்பே, 1831 முதல், இதே மாதிரி நடக்கவைக்கப்பட்டவர்கள். 1847இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் என்று செய்தி வருகிறது. கடல் தாண்டி யாரோ, பெயர்கூடத் தெரியாது. தங்களுக்கே ஒன்றுமில்லாத அந்த மக்கள் 170 டாலர் வசூல் செய்து அனுப்பினார்கள். அயர்லாந்துக்காரர்கள் மறக்கவில்லை. 2017இல் கார்க் மாவட்டத்தின் மிடில்டன் ஊரில் ஒன்பது பெரிய எஃகு இறகுகளால் ஆன நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்தார்கள். 2020 கொரோனா காலத்தில் அமெரிக்காவின் நவாஹோ, ஹோப்பி மக்களுக்காக இணையத்தில் பணம் திரட்டியபோது ஐரிஷ் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. சாக்டா வேறு, நவாஹோ வேறு. இருந்தாலும் 173 வருஷத்துக் கடன்.

எல்லாரும் நல்லவர்கள் என்று எழுதிவிட்டுப் போகவும் முடியாது. இந்த ஐந்து தேசங்களிலும் வசதியானவர்கள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். கண்ணீர்ப் பாதையில் அந்த அடிமைகளும் நடந்தார்கள். உள்நாட்டுப் போரில் கடைசியாக, 1865 ஜூன் 23 அன்று சரணடைந்த தென்தரப்பு ஜெனரல் யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்டாண்ட் வாட்டி. செரோக்கி. போரில் தோற்ற பக்கம் சேர்ந்ததற்கு அபராதமாக 1866இல் புது ஒப்பந்தங்கள். பிரதேசத்தின் மேற்குப் பாதி போயிற்று. விடுதலை பெற்ற கறுப்பர்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் சம உரிமை உண்டு என்று செரோக்கி தேசம் எழுதிக் கொடுத்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இப்போது மாப்பை எடுங்கள். ஓக்லஹோமா ஒரு வாணலி மாதிரி இருக்கும், இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியோடு. இந்தக் கைப்பிடி ஏன் வந்தது? அடிமை முறையால். டெக்சாஸ் அடிமை மாநிலம். 36 டிகிரி 30 நிமிட அட்சரேகைக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று அன்றைக்கு ஒரு கோடு இருந்தது. அடிமைகளை விட்டுக்கொடுப்பதைவிட நிலத்தை விட்டுக்கொடுப்பது மேல் என்று 1850இல் டெக்சாஸ் அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளதைக் கழற்றிவிட்டது. பிறகு வந்த கான்சாஸ் தன் எல்லையை 37 டிகிரியில் போட்டுக்கொண்டது. நடுவில் அரை டிகிரி அகலத்துக்கு, சுமார் 55 கிலோமீட்டர், ஒரு பட்டை யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றது. 40 வருஷம் அங்கே எந்த மாநிலச் சட்டமும் இல்லை, கோர்ட்டும் இல்லை, நிலப் பட்டாவும் இல்லை. பெயரே "யாருமற்ற நிலம்". 1890இல்தான் ஓக்லஹோமாவோடு ஒட்டவைத்தார்கள்.

அடுத்தது புகழ்பெற்ற நில ஓட்டப்பந்தயம். க்ரீக், செமினோல் மக்களிடமிருந்து வாங்கிய, யாருக்கும் ஒதுக்கப்படாத 20 லட்சம் ஏக்கர் பிரதேசத்தின் நடுவில் கிடந்தது. 1889 ஏப்ரல் 22, மதியம் 12 மணி. எல்லைக்கோட்டில் சுமார் 50,000 பேர். குதிரை, வண்டி, ரயில், கால்நடை. துப்பாக்கி வெடித்ததும் ஓட வேண்டும். யார் முதலில் போய்க் குச்சி நடுகிறாரோ அவருக்கு 160 ஏக்கர். காலையில் ஒரு ரயில் நிலையம் மட்டும் இருந்த இடத்தில் சாயங்காலம் 10,000 பேர் இருந்தார்கள். அதுதான் ஓக்லஹோமா சிட்டி, இன்றைய தலைநகரம்.

வேகமான குதிரையில் போனவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நல்ல நிலத்தில் இறங்கினால், அங்கே ஏற்கெனவே ஒருவர் நிதானமாக உட்கார்ந்திருப்பார். முந்தின நாளே களவாக நுழைந்து புதரில் ஒளிந்திருந்தவர். இவர்களை "சூனர்" என்றார்கள், முன்கூட்டியே வந்தவர் என்ற பொருளில். அன்றைக்கு அது வசை. சட்டப்படி சூனருக்கு நிலம் கிடையாது, வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்தன. இன்றைக்கு? மாநிலத்தின் செல்லப்பெயரே சூனர் மாநிலம். பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் பெயர் சூனர்ஸ். டல்சாவில் சனிக்கிழமை மேட்ச் என்றால் ஊரே சிவப்புச் சட்டையில் அலையும். நானும் ஒன்று வாங்கினேன். தெருவில் பத்திரப் பதிவுக்கு முன்னால் வேலி போட்டவன் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு எட்டு மாதம் சுற்றியிருக்கிறேன்.

கிழக்குப் பாதியில் இன்னும் ஐந்து தேசங்களும் இருந்தன. தங்கள் சொந்தச் சட்டமன்றம், கோர்ட், பள்ளிகளோடு. நிலம் தனியாருக்கு இல்லை, தேசத்துக்குப் பொது. 1898இல் வந்த கர்ட்டிஸ் சட்டம் அதை உடைத்தது. பொது நிலத்தை ஆளுக்கு இவ்வளவு என்று துண்டுபோட்டது, பழங்குடிக் கோர்ட்டுகளை மூடியது. இந்தச் சட்டத்துக்குப் பெயர் தந்த சார்லஸ் கர்ட்டிஸே ஒரு பூர்வகுடிதான். கா பழங்குடித் தாய்க்குப் பிறந்து, சின்ன வயதில் அவர்களிடையே வளர்ந்து, குதிரைப் பந்தய ஜாக்கியாக இருந்து, 1929இல் அமெரிக்காவின் துணை அதிபரானார். கமலா ஹாரிஸுக்கு 92 வருஷம் முன்னால்! இது தெரிந்த அமெரிக்கர்களையே விரல்விட்டு எண்ணலாம்.

ஐந்து தேசங்கள் சும்மா இருக்கவில்லை. மாநிலம்தான் வேண்டுமென்றால் நாங்களே ஒரு மாநிலம் அமைக்கிறோம் என்று 1905 ஆகஸ்டில் மஸ்கோகி நகரத்தில் கூடி அரசியல் சட்டம் எழுதினார்கள். மாநிலத்தின் பெயர் என்ன தெரியுமா? சீக்வோயா. எழுத்து செய்த கம்மியரின் பெயர். நவம்பரில் வாக்கெடுப்பு, சுமார் 56,000 ஆதரவு, 9,000 எதிர்ப்பு. வாஷிங்டன் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு பாதிகளையும் சேர்த்து 1907 நவம்பர் 16 அன்று ஓக்லஹோமா 46ஆவது மாநிலமானது.

அன்றைக்கு அப்போதைய தலைநகரமான கத்ரியில் நூலகப் படிக்கட்டில் ஒரு கல்யாணம் நடத்தினார்கள். மாப்பிள்ளை, திருவாளர் ஓக்லஹோமா பிரதேசம், ஒரு வெள்ளைக்காரர். பெண், செல்வி இந்தியப் பிரதேசம், செரோக்கி வம்சாவளிப் பெண்மணி. நாடகம்தான். ஆனால் பெண்ணுக்குச் சம்மதமா என்று முந்தின வருஷங்களில் கேட்டபோது அவள் வேறு பதில் சொல்லியிருந்தாள் என்பதைப் பார்வையாளர்கள் மறந்துவிட்டார்கள். புது மாநில செனட்டின் மசோதா எண் 1, ரயில் பெட்டியில் கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து உட்காரவைக்கும் சட்டம். 1921இல் டல்சாவின் கிரீன்வுட் பகுதியில் கறுப்பர்களின் 35 தெருத்தொகுதிகளை எரித்த கொடுமை தனிக் கட்டுரைக்கு உரியது. அவசரமாகச் சொல்லிக் கடக்க விரும்பவில்லை.

1913 வரை தலைநகரம் கத்ரியில்தான் இருக்க வேண்டும் என்பது மாநிலமாக்கும்போது போட்ட நிபந்தனை. 1910லேயே இரவோடு இரவாக மாநில முத்திரையை ஓக்லஹோமா சிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சலவைத் துணி மூட்டையில் ஒளித்துக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். உச்சநீதிமன்றமும் 1911இல் அது செல்லும் என்றது. அங்கே கட்டிய சட்டமன்றக் கட்டடத்துக்கு கோபுரம் வைக்கக் காசில்லாமல் 2002இல்தான் வைத்தார்கள். ஆனால் கட்டடத்துக்கு அடியில் எண்ணெய் இருந்தது. வாசல் பூப்பாத்தியில் 1941இல் சாய்வாகத் துளை போட்டு அடியிலிருந்து பெட்ரோல் எடுத்தார்கள். பெட்டூனியா பூச்செடியின் இடம் என்பதால் கிணற்றுக்குப் பெயர் பெட்டூனியா எண் 1. காசு போட்டால் ஓடும் பார்க்கிங் மீட்டர் உலகத்திலேயே முதலில் 1935இல் வந்ததும் இந்த ஊரில்தான். 1937இல் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியைக் கண்டுபிடித்த சில்வன் கோல்ட்மேனும் இந்த ஊர்க் கடைக்காரர். யாரும் வண்டியைத் தொடவில்லை என்று, சும்மா தள்ளிக்கொண்டு திரிய ஆள்களைச் சம்பளத்துக்கு வைத்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2020 ஜூலை 9. நான் திரும்பி வந்து எட்டு வருஷம். அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் மெக்கர்ட் வழக்கின் தீர்ப்பு வருகிறது. தண்டிக்கப்பட்ட ஒரு பூர்வகுடிக் குற்றவாளியின் வாதம் இது: குற்றம் நடந்த இடம் க்ரீக் தேசத்து ஒதுக்கீட்டு நிலம், அங்கே என்னை விசாரிக்க ஓக்லஹோமா மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை. செய்தது மிகக் கொடிய குற்றம், அதில் சந்தேகமில்லை. கேள்வி இடத்தைப் பற்றியது மட்டும்தான். மாநிலம் சிரித்தது. க்ரீக் நிலமா? அதெல்லாம் 1907இலேயே முடிந்த கதை!

நீதிபதிகள் கேட்டது ஒரே கேள்வி. முடித்து வைத்த சட்டம் எங்கே? ஒப்பந்தத்தை ரத்து செய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ரத்து செய்கிறோம் என்று சொல்ல வேண்டுமில்லையா? தேடினார்கள். கோர்ட்டை மூடிய சட்டம் இருந்தது. நிலத்தைத் துண்டாக்கிய சட்டம் இருந்தது. மாநிலம் அமைத்த சட்டம் இருந்தது. ஒதுக்கீட்டு நிலம் என்ற எல்லையை அழிக்கிறோம் என்ற அந்த ஒரு வரி மட்டும் எதிலும் இல்லை. தானாகச் செத்துவிடும் என்று நினைத்தோ என்னமோ, யாரும் எழுதவேயில்லை. 5க்கு 4 என்று தீர்ப்பு. எழுதியவர் நீல் கோர்சச், டிரம்ப் நியமித்த பழமைவாத நீதிபதி. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம் என்பது அவர் கட்சி. என் மாதிரி ஆள்களுக்கு இது நன்றாகவே புரியும். மெனுவிலிருந்து பட்டனை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்போம், பின்னால் நிரல் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தீர்ப்பு க்ரீக்குகளின் 30 லட்சம் ஏக்கரைப் பற்றியது. ஆனால் அதே தர்க்கத்தில் அடுத்தடுத்த மாதங்களில் செரோக்கி, சாக்டா, சிக்கசா, செமினோல் நிலங்களும் உயிரோடுதான் இருக்கின்றன என்று மாநில கோர்ட்டே ஒப்புக்கொண்டது. மொத்தம் சுமார் 1.9 கோடி ஏக்கர், கிட்டத்தட்ட பாதி மாநிலம். 18 லட்சம் பேர் வாழும் இடம். டல்சாவின் பெரும்பகுதியும் அதில்தான். யாருடைய வீட்டுப் பத்திரமும் மாறவில்லை, யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை. பூர்வகுடிகள் சம்பந்தப்பட்ட குற்றத்தை யார் விசாரிப்பது என்பதுதான் மாறியது. அதுவும் சும்மா இல்லை. பழைய வழக்குகள் பலவற்றைக் கூட்டாட்சிக் கோர்ட்டிலும் பழங்குடிக் கோர்ட்டிலும் மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்டவர்கள் இரண்டாம் முறை கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். அவர்களிடம் போய் இது வரலாற்று நீதி என்று என்னால் சொல்ல முடியுமா தெரியவில்லை. 2022 ஜூனில் இன்னொரு 5க்கு 4 தீர்ப்பு, பூர்வகுடி அல்லாதவர் பூர்வகுடிக்கு எதிராகச் செய்யும் குற்றத்தை மாநிலமும் விசாரிக்கலாம் என்றது. கோர்சச் காட்டமாக எதிர்த்து எழுதினார். இடையில் ஒரு நீதிபதி மாறியிருந்தார், அவ்வளவுதான்.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, 1866. 2007இல் செரோக்கி தேசம் வாக்கெடுப்பு நடத்தி, செரோக்கி ரத்தம் இல்லை என்று முன்னாள் அடிமைகளின் வழித்தோன்றல்களைக் குடியுரிமையிலிருந்து நீக்கியது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017 ஆகஸ்டில் தீர்ப்பு: 1866இல் நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள், அது இன்னும் செல்லும். மூன்று வருஷம் கழித்து ஐந்து தேசங்களையும் காப்பாற்றிய அதே வாதம், அன்றைக்கு செரோக்கிகளுக்கு எதிராக வென்றது. அவர்கள் மேல்முறையீடு செய்யவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு டல்சா மாப்பைத் திறந்தேன். என் அபார்ட்மெண்டிலிருந்து ஆபீஸ் போகும் வழியில், ஷையன் அவென்யூவும் 18ஆம் தெருவும் சேரும் இடத்தில் ஒரு ஓக் மரம். கம்பிவேலி போட்ட சின்னப் பூங்கா. மதியம் சாப்பிட்டுவிட்டு அங்கே நடப்பேன். 1836இல் அலபாமாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த க்ரீக்குகள், பழைய ஊரின் அடுப்பிலிருந்து கொண்டுவந்த சாம்பலை அந்த மரத்தடியில் வைத்துப் புது நெருப்பு மூட்டினார்கள். டல்சா என்ற பெயரே அவர்கள் மொழியில் பழைய ஊர் என்ற அர்த்தம் உள்ள சொல்லிலிருந்து வந்ததுதான். அந்த மரத்தடியில் நான் போனில் வாடகை பாக்கியைப் பற்றி அம்மாவிடம் பேசிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பக்கை ஒரே வரியில் சரி செய்தாயிற்று. செரோக்கி டெஸ்ட் அங்கேயே இருக்கிறது. பையன் இப்போது சீக்வோயாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு வரி மிச்சம் இருக்கிறது. செரோக்கிகள் பெரும்பாலோர் எதிர்த்த அந்த 1835 ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் செரோக்கி தேசத்துக்கு ஒரு பிரதிநிதி உண்டு என்கிறது. 184 வருஷம் யாரும் கேட்கவில்லை. 2019இல் செரோக்கி தேசம் கிம் டீஹீ என்ற பெண்மணியை நியமித்து, ஒப்பந்தத்தின் நகலோடு இருக்கையைக் கேட்டது. 2022 நவம்பரில் ஒரு நாள் விசாரணை நடந்தது. நான் இதை எழுதும்வரை இருக்கை கொடுக்கப்படவில்லை.